உறைந்த ஏரியில் ஓர் அலவாங்கு

எங்கள் வீட்டுக் கராஜின் மூலையில் ஓர் அலவாங்கு நிற்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் அதைக் கடப்பாரை என்பார்கள். கனடாவில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் ‘ஸ்பட் பார்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், நான்கரைக் கிலோ எடை, அடியில் உளி போன்ற அகன்ற வாய், மேல்முனையில் கையில் மாட்டிக்கொள்ள ஒரு கயிற்று வளையம். நிலம் தோண்டும் அலவாங்குக்கும் இதற்கும் வாயின் வடிவத்தில் மட்டுமே வேறுபாடு. குளிர்காலத்தில் ஏரிக்குப் புறப்படும்போது தூண்டிலை மறந்தால் அன்றைய பொழுது ஒருவிதமாகக் கழிந்துவிடும். இதை மறந்தால் பாதி வழியிலிருந்தாவது வாகனத்தைத் திருப்பிவிடுவேன்.

சிறுவயதில் யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். அப்பா குழிக்குள் இறங்கி நின்று சுண்ணாம்புக் கல்லில் அலவாங்கைப் போட்டுப் பார்ப்பார். கல் இறுகிக் கிடந்தால் ஒரு சத்தம், கீழே பொந்து இருந்தால் வேறு சத்தம். ஆழம் காண முடியாதது என்று ஊர் பேசும் நிலாவரைக் கிணறு இருக்கும் பக்கம் அது. நிலத்துக்கு அடியில் கல் எங்கே குடைந்துபோயிருக்கிறது என்று மேலே நின்று பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. குத்திப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, அதன் பிறகுதான் காலை மாற்றி வைப்பார் அப்பா. உறைந்த ஏரிமேல் நடக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது அந்தக் காட்சிதான்.

நான் 1994இல் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவுக்கு வந்தேன். உறைபனியில் துளை போட்டு மீன்பிடிக்கும் பழக்கம் எனக்குத் தொற்றியது அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே வாகனத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சிம்கோ ஏரி. 700 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. அதன் தெற்கு மூலையில் நாக்குப் போல நீண்டு கிடப்பது குக்ஸ் விரிகுடா. ஆழம் குறைவாக இருப்பதால் முதலில் உறைவது அந்த விரிகுடாதான். மேற்கே பாரி நகரத்தை ஒட்டியிருக்கும் கெம்பன்ஃபெல்ட் விரிகுடா நாற்பது மீட்டர் ஆழம்வரை போகிறது. அது உறைவதற்கு நாளெடுக்கும். குக்ஸ் விரிகுடாவில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சள் பெர்ச். கையகல மீன். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்தால் சூடை மீன் பொரியலுக்கு ஈடாக நிற்கும். அந்த ருசிக்காகத்தான் விடிவதற்கு முன் எழுந்து, மைனஸ் பதினைந்து பாகைக் குளிரில் கைகால் விறைக்க நடக்கிறோம்.

முதல் இரண்டு குளிர்காலங்கள் வாடகைக் குடில்களுக்குப் போனோம். குடில்காரர் தம் பனிவாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய், சூடேற்றிய மரக்குடிலுக்குள் இறக்கிவிடுவார். துளைகள் போட்டுத் தயாராக இருக்கும். ஏரி தாங்குமா தாங்காதா என்ற கவலையெல்லாம் அவருடையது. நாங்கள் தேநீர்ப் போத்தலைத் திறந்துவைத்துக்கொண்டு தூண்டிலைப் பார்த்தபடி இருப்போம். அந்த இரண்டு குளிர்காலங்களும் எங்களுக்கு ஒரு பொய்யான துணிவைக் கொடுத்துவிட்டன. ஏரி என்றால் இப்படித்தான், எங்கும் ஒரே பலகை போலக் கிடக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு சொந்தமாகக் கூடாரமும், துளையிடும் ஆகரும், இழுவைச் சறுக்குப் பலகையும் வாங்கிக்கொண்டு நடந்தே போகத் தொடங்கினோம். அலவாங்கு வாங்கவில்லை. ஆகர் இருக்கிறது, துளை போட்டால் தடிப்புத் தெரிந்துவிடும், இன்னோர் இரும்பை எதற்குச் சுமக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

அது ஒரு ஜனவரி முதல் வாரம். நானும், என்னுடன் வேலை செய்யும் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவரும் விடியற்காலை ஆறரை மணிக்கு விரிகுடாவின் மேற்குக் கரையில் வாகனத்தை நிறுத்தினோம். கரையிலேயே ஒரு முதியவர் நின்றார். தந்தை காலத்திலிருந்து அந்த விரிகுடாவில் குடில் போடுகிறவர். எங்கள் சாமான்களை ஒருமுறை பார்த்தார். “உங்கள் இரும்பு எங்கே?” என்று கேட்டார். இல்லை என்றோம். வேறொன்றும் பேசாமல் தம் வண்டியிலிருந்து ஒரு பழைய, கைப்பிடி தேய்ந்த அலவாங்கை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். “திரும்பிப் போகும்போது தந்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு காலடிக்கும் ஒரு குத்து. களைத்தால் நில்லுங்கள், குத்தாமல் நடக்காதீர்கள்.”

கரையிலிருந்து முப்பது எட்டு எடுத்து வைத்து, ஆகரால் துளை போட்டு அளந்தோம். பதினான்கு சென்டிமீட்டர் தெளிந்த பனிக்கட்டி. மனம் நிறைந்துவிட்டது. முன்னால் முந்தின நாள் போனவர்களின் காலடிகளும் சறுக்குப் பலகையின் தடமும் நேராக விரிகுடாவின் நடுவுக்குப் போயின. தம்பி முன்னால், நான் ஐந்தாறு மீட்டர் பின்னால் பலகையை இழுத்துக்கொண்டு. முதல் நூறு காலடிக்குத் தம்பி ஒழுங்காகக் குத்தினார். பிறகு இரண்டு எட்டுக்கு ஒன்று. அதற்குப் பிறகு அலவாங்கு அவர் கையில் ஊன்றுகோல் ஆகிவிட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. காலடிகள்தான் முன்னால் இருக்கின்றனவே, நேற்றுப் போனவர்களைத் தாங்கிய ஏரி இன்று நம்மைத் தாங்காதா என்று எண்ணினேன். அந்த எண்ணத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கரையிலிருந்து நானூறு மீட்டர் இருக்கும். தம்பி நடந்தபடியே, அவ்வளவு அழுத்தமில்லாமல், ஒரு குத்துப் போட்டார். அலவாங்கு மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்டது. கயிற்று வளையம் கையில் மாட்டியிருந்ததால் இரும்பு தங்கியது. வெண்பனியின் மேல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஊறிப் பரவியது.

“அண்ணா, உள்ளே போய்விட்டது” என்றார். குரல் மிக மெதுவாக வந்தது.

“காலைத் தூக்காதீர்கள். திரும்பாதீர்கள். அப்படியே பின்னுக்குத் தேய்த்துக்கொண்டு வாருங்கள்.”

முழுப் பாதமும் தரையில் படிய, கால்களை அகட்டி, ஒரு சாண் ஒரு சாணாக அவர் பின்வாங்கினார். நான் பலகையை விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் போய் நின்றேன். இரண்டு பேரும் உறுதியான இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எதிரே இருந்ததைச் சரியாகப் பார்த்தோம். காலடிகள் எங்களுக்கு முன்னால் இருந்தன, அப்பாலும் இருந்தன. நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் காலடியே இல்லாத மட்டமான புதுப்பனி. இரவு காற்றில் ஏரி விரிந்து வெடித்து வாய் திறந்திருக்கிறது. திறந்த தண்ணீர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தோலாக உறைந்திருக்கிறது. அதன்மேல் காற்று பனித்தூளை வாரி மூடிவிட்டது. அந்தப் பாதிவெளிச்சத்தில் நடக்கிறவன் கண்ணுக்கு ஒரே நீளத் தடம்தான் தெரியும். தடம் பொய் சொல்லவில்லை. நேற்று அந்த நேரத்தில், அந்த ஆளை அந்த இடம் தாங்கியது என்ற செய்தியை மட்டும்தான் அது சொல்லியது. அதில் இன்றைக்கான செய்தியை வாசித்தது நாங்கள்.

இரும்பைத் திருப்பிக் கொடுத்தபோது முதியவர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை குத்தில் போனது?” ஒன்று என்றோம். எங்களைக் கரையோரம் அழைத்துப்போனார். அன்று அரை மணி நேரத்தில் அவர் கற்றுத் தந்தவற்றை இன்றுவரை மாற்றாமல் கடைப்பிடிக்கிறேன்.

முதலில் கையைப் பழக்க வேண்டும். முழங்கால் ஆழத்துக்கும் குறைவான தண்ணீர் உள்ள கரையோரத்தில் நின்று ஓரிடத்தில் குத்துங்கள். எத்தனை குத்தில் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். துளைக்குள் கொக்கியுள்ள அளவுகோலை விட்டு அடிப்பக்கத்தில் மாட்டித் தடிப்பை அளவெடுங்கள். சற்றுத் தள்ளி மறுபடியும் செய்யுங்கள். உங்கள் கைப்பலம் வேறு, என் கைப்பலம் வேறு. இரண்டரைக் கிலோ அலவாங்கு வேறு, ஐந்து கிலோ அலவாங்கு வேறு. ஆகவே இன்னொருவர் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கணக்கில், ஒரே குத்தில் உள்ளே போனால் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு, அந்த இடத்தில் எனக்கு வேலையில்லை. இரண்டு மூன்று குத்தில் தண்ணீர் வந்தாலும் திரும்பிவிடுவேன். ஒரே புள்ளியில் ஐந்தாறு பலமான குத்து விழுந்தும் ஈரம் வராவிட்டால் அடுத்த எட்டை வைப்பேன். கரையிலிருந்து புறப்படும்போது இப்படி ஒவ்வொரு புள்ளியிலும் பொறுமையாகக் குத்துவேன். உறுதி தெரிந்த பிறகு எட்டுக்கு ஒரு பலமான குத்து. இருபது முப்பது எட்டுக்கு ஒருமுறை நின்று ஆகரால் துளை போட்டு அளப்பேன்.

குத்தும் முறை முக்கியம். அலவாங்கைத் தள்ளக் கூடாது. தூக்கி, அதன் எடையாலேயே விழவிட வேண்டும். காலுக்கு அருகே குத்துவதில் பயனில்லை. கையை நீட்டி, உடலின் எடை இன்னும் போகாத இடத்தில், ஓர் எட்டுக்குச் சற்று அதிகமான தூரத்தில் விழ வேண்டும். நேர் முன்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. மனிதன் தண்டவாளத்தில் நடப்பதில்லை, சறுக்கினால் பக்கவாட்டில்தான் போவான். வெண்பனி கனமாகக் கிடந்தால் சப்பாத்தால் ஒதுக்கிவிட்டுப் பனிக்கட்டியின் மேலேயே குத்த வேண்டும். பனித்தூள் அடியையும் விழுங்கும், சத்தத்தையும் விழுங்கும்.

சத்தத்தைப் பற்றி எழுத்தில் சொல்வது கடினம், ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். தடித்த, தெளிந்த பனிக்கட்டியில் அலவாங்கு ணங்கென்று இறங்கி மீண்டு துள்ளும். அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். சிறு சில்லுகள் கண்ணாடி போலத் தெறிக்கும். மெலிந்த இடத்தில் தொப்பென்று ஒரு வெற்றோசை. வெறும் பெட்டியைத் தட்டுவது போல இருக்கும், இரும்பு துள்ளாது. ஊறிப்போன பனிக்கட்டியில் சத்தமே இருக்காது; அலவாங்கு ஈரச் சாக்குக்குள் இறங்குவது போல இறங்கும். காது தேறும்வரை தொப்பியின் காதுமடலைத் தூக்கிவைத்துக்கொண்டு நடங்கள். குளிரும்தான், ஆனால் பழகிவிடும். இன்னொரு சத்தமும் உண்டு. கடுங்குளிர் இரவிலும் விடியலிலும் ஏரி முழுவதும் இடி உருள்வது போல முழங்கும், நீளமாக விம்மும். பனிக்கட்டி விரிந்து சுருங்கும்போது எழும் ஒலி அது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டு ஓட்டமெடுப்பார்கள். அந்த முழக்கம் மட்டும் ஆபத்தின் அடையாளம் அல்ல. உறைந்துகொண்டிருக்கும் ஏரி அப்படித்தான் பேசும். காலடியில் நெறிநெறுவென்று கேட்பதுதான் அஞ்ச வேண்டிய சத்தம்.

எத்தனை சென்டிமீட்டர் போதும் என்று எல்லாரும் கேட்பார்கள். கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் தனியாள் நடக்கவோ சறுக்கவோ 15 சென்டிமீட்டர், கூட்டமாகச் சறுக்கி விளையாட 20, பனிவாகனத்துக்கு 25 என்று சொல்கிறது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடப்பவர்களுக்கு நான்கு அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் என்கிறார்கள். இரண்டும் தெளிந்த புதுப் பனிக்கட்டிக்கான அளவுகள். நான் 15ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறேன். 10இல் நடப்பவர்களோடு வாதிடுவதில்லை. அவர்களோடு போவதும் இல்லை.

அளவைவிட நிறம் அதிகம் சொல்லும். நீலம் கலந்த, உள்ளே பார்வை போகக்கூடிய தெளிந்த பனிக்கட்டி உறுதியானது. வெள்ளை நிறப் பனிக்கட்டி வேறு வகை. மேலே கொட்டிய பனியின் பாரத்தில் ஏரியின் தோல் அமிழும். வெடிப்புகள் வழியே தண்ணீர் மேலேறிப் பனித்தூளோடு குழைந்து உறையும். உள்ளே காற்றுக்குமிழிகள் நிறைந்திருக்கும். அதன் பலம் ஏறக்குறையப் பாதிதான் என்பதால் இரண்டு மடங்கு தடிப்பு வேண்டும். சில நேரம் மேலே ஓர் ஓடு, நடுவில் தண்ணீர், கீழே மறுபடியும் பனிக்கட்டி என்று அடுக்கடுக்காக இருக்கும். அலவாங்கு மேலோட்டை உடைத்துத் தண்ணீரைக் காட்டியதும் நெஞ்சு நின்றுவிடும். கீழே இன்னொரு தளம் இரும்பைத் தடுக்கும். கீழ்த்தளம் தடித்ததாக இருக்கலாம். இருந்தாலும் அங்கே நின்று ஆராய்ச்சி செய்வதில்லை. பின்வாங்கி, வேறு பக்கமாகக் குத்திப் பார்க்கிறேன். சாம்பல் நிறம் என்றால் தண்ணீர் ஊறியிருக்கிறது. அதில் கால்வைக்கவே கூடாது.

பனித்தூளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது: பனி அதிகம் பெய்தால் ஏரி நன்றாக உறையும் என்பது. உண்மையில் அது கம்பளிப் போர்வை. குளிர் கீழே இறங்காமல் தடுத்துவிடும். காற்று பனியை வாரிக் குவித்த மேட்டுக்கு அடியில் பனிக்கட்டி மெலிந்தும், பக்கத்தில் காற்று துடைத்துவிட்ட வெற்றிடத்தில் தடித்தும் இருப்பதை நானே அளந்திருக்கிறேன். பத்து எட்டு இடைவெளியில் ஏழு சென்டிமீட்டர் வேறுபாடு. கரையோரத்தில் போட்ட ஒற்றைத் துளையை நம்பி நடப்பது ஏன் பிழை என்று அன்றுதான் எனக்கு முழுமையாக உறைத்தது.

ஆற்றுவாய்கள், ஓடைகள் கலக்கும் இடம், இரண்டு நிலமுனைகளுக்கு இடையே ஏரி ஒடுங்கும் இடம், படகுத்துறைத் தூண்களைச் சுற்றியுள்ள இடம், நாணல் நிற்கும் இடம் எல்லாவற்றிலும் நீரோட்டமோ வெப்பமோ பனிக்கட்டியை அடியிலிருந்து அரித்துக்கொண்டிருக்கும். ஹாலண்ட் ஆறு குக்ஸ் விரிகுடாவின் தென்கோடியில்தான் வந்து கலக்கிறது. அந்தப் பக்கம் ஜனவரி நடுவிலும் நான் போவதில்லை. சில படகுத்துறைகளில் மரத்தூண்கள் நெரிபடாமல் இருக்கக் காற்றுக்குமிழி விடும் கருவியை அடியில் ஓடவிட்டிருப்பார்கள். அங்கே கடுங்குளிரிலும் தண்ணீர் திறந்துதான் கிடக்கும்.

அலவாங்கு சொல்லாத ஒன்று காற்று. 2009 பெப்ரவரி 7ஆம் நாள், ஒஹாயோ மாநிலக் கரையோரம் ஈரி ஏரியில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடிப்பவர்கள் பிரிந்துபோன பனித்தட்டு ஒன்றில் அகப்பட்டார்கள். ஹெலிகாப்டர்களும் காற்றுப்படகுகளும் வந்து மீட்டன, ஒருவர் உயிரிழந்தார். அவர்கள் நின்ற பனிக்கட்டி மெலிந்ததல்ல. தென்காற்று அதைக் கரையிலிருந்து கழற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது. குக்ஸ் விரிகுடாவின் வாய் வடக்கே பெரிய ஏரியை நோக்கித் திறந்திருக்கிறது. பெரிய ஏரி இன்னும் உறையாத நாட்களில் பலத்த தென்காற்று வீசினால் இங்கும் தட்டு கழன்று வடக்கே நகர வாய்ப்புண்டு. ஆகவே புறப்படும் முந்தின இரவு வெப்பநிலையைப் பார்ப்பதைவிடக் காற்றின் திசையையும் வேகத்தையும் கூர்ந்து பார்க்கிறேன். காலையில் சுற்றிப்போன வெடிப்பு மாலையில் அகன்றிருக்கலாம். திரும்பும் வழியிலும் குத்திக்கொண்டே வர வேண்டும் என்பதை எங்களோடு வரும் இளையவர்களுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மீன் நிறைந்த வாளி கையில் இருக்கும்போது மனிதர் காலை நேரத்துப் பயத்தை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் செய்தும் விழுந்துவிட்டால்? மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடலுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தாமே உறைநீரில் இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லித் தந்த கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அப்போது ஒன்றும் செய்ய முயலாமல், தலையை மேலே வைத்து மூச்சைச் சீராக்கி வழிக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் சொன்னதைக் கேட்கும். வெளியேறுவதற்கான நேரம் அது. உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். விழுந்த கணமே சாவு என்று நினைத்துப் பதறிக் கைகால் அடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வந்த திசைக்கே திரும்ப வேண்டும். உங்களைத் தாங்கியது அந்தப் பக்கம்தான். கழுத்தில் கயிற்றில் தொங்கும் இரண்டு கூர்ப்பிடிகள் வேண்டும். ‘ஐஸ் பிக்’ என்று கேட்டால் பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். நனைந்த பனிக்கட்டியில் வெறும் கை வழுக்கும், இந்த ஆணிகள் பிடிக்கும். நீந்துவது போலக் கால்களை உதைத்து உடலை மட்டமாக்கி, பிடிகளைக் குத்திக் குத்தி மேலேற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. உருண்டே வர வேண்டும். பையின் அடியில் கிடக்கும் கூர்ப்பிடியால் ஒரு பயனும் இல்லை. அதேபோல் அலவாங்கின் கயிற்று வளையம் தளர்வாக, கையுறையோடு கழன்று வரக்கூடியதாக இருக்கட்டும். இரும்பு ஏரிக்குள் போகாமல் காப்பதற்குத்தான் அந்த வளையம். நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது நான்கரைக் கிலோ உங்கள் கையில் தொங்கக் கூடாது. மற்றவர் விழுந்தால் ஓடிப்போகாதீர்கள். படுத்துக்கொண்டு கயிற்றை எறியுங்கள், 911ஐ அழையுங்கள். நாங்கள் பதினைந்து மீட்டர் மிதக்கும் கயிறு கொண்டுபோகிறோம். அது பலகையில் இல்லை, பின்னால் வருபவரின் தோளில் இருக்கிறது. அன்றைய நாளில் எங்களிடம் கயிறும் இல்லை, கூர்ப்பிடியும் இல்லை. தம்பி இன்னும் ஒரே ஓர் எட்டு வைத்திருந்தால் நான் வெறுங்கையோடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் மார்க்கம் நகரத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே ஓர் அலவாங்கு வாங்கினேன். ஒரு குறிப்பேடும் வைத்துக்கொண்டேன். நாள், இடம், வெப்பநிலை, காற்று, எத்தனை குத்து, எத்தனை சென்டிமீட்டர் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. கடந்த குளிர்காலங்களைப் புரட்டிப் பார்த்தால் ஏரியின் குணம் மாறிக்கொண்டு வருவது தெரிகிறது. 2023–24 குளிர்காலத்துக்கு மூன்றே வரிகள்தான் இருக்கின்றன; மூன்றும் கரையோரத்திலேயே முடிந்தவை. பழைய ஆண்டுகளில் எந்தத் தேதியில் நடந்தோம் என்பதை வைத்து இந்த ஆண்டு நடக்க முடியாது என்பதற்கு அந்தப் பக்கமே போதும்.

மார்ச் மாதப் பக்கங்களைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். ஆகர் தடிப்பைச் சொல்லும். உறுதியைச் சொல்வது அலவாங்கு. ஆழ்ந்த குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மார்ச்சில் இரண்டும் பிரிந்துவிடும். வெயில் ஏறஏறப் பனிக்கட்டி உள்ளுக்குள் செங்குத்தான மெழுகுதிரிகளை நெருக்கி அடுக்கியது போலப் பிரிந்து நிற்கும். முப்பது நாற்பது சென்டிமீட்டர் தடிப்பு இருக்கும், பார்த்தால் ஏரி முழுவதும் வெள்ளையாகத்தான் கிடக்கும், அலவாங்கைப் போட்டால் திரிகளுக்கு இடையே சரசரவென்று இறங்கிவிடும். கறுத்த பாறைகளும் துறைத்தூண்களும் வெயிலைக் குடிப்பதால் கரையோரம் முதலில் விட்டுப்போகும். காலையில் இரவுக்குளிரில் இறுகியிருந்த கரை மதியத்துக்கு மேல் திரும்பும்போது பிரிந்திருக்கலாம்.

கடைசியாக எழுதிய வரி மார்ச் 9. அன்று தம்பியும், இப்போது பள்ளிக்குப் போகும் அவருடைய மகனும் வந்திருந்தார்கள். அந்தப் பருவத்தின் கடைசி மீன்பிடிப்பு என்று பையன் இரவெல்லாம் தூங்கவில்லையாம். தூரத்தில் நான்கு பேர் கூடாரம் போட்டிருந்தது தெரிந்தது. தம்பி அலவாங்கைப் பையனிடம் கொடுத்து, இரண்டு கைகளாலும் எப்படித் தூக்க வேண்டும் என்று காட்டினார். பையன் தூக்கி ஒருமுறை விழவிட்டான். பிறகு எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தான்.

“அவர்கள் மட்டும் அங்கே இருக்கிறார்களே, மாமா?”

“அவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று நமக்குத் தெரியாது” என்றேன். அவர்களை நோக்கிக் கையசைத்து, கரை விட்டுப்போகிறது என்று இருவருமாக உரக்கக் கத்தினோம். ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். அரை மணி நேரத்தில் அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வடக்கே ஒரு படகுத்தளம் வழியாகக் கரையேறும்வரை வாகனத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதிரே பையனின் கையெழுத்தில் இருக்கிறது: ‘மேற்குக் கரை. 6 பாகை. தென்காற்று. ஒரு குத்து. திரும்பிவிட்டோம்.’